பத்துக்கு எட்டு

மூன்றாம் மாதம் பார்க்க வரச் சொன்ன நாள்.
கே.கே. நகர் ஆஸ்பத்திரியில்
நர்ஸ் ஒரு தாள் நீட்டினாள்:
திருப்தி, பத்துக்கு எத்தனை?

எட்டு என்று எழுதினேன்.
"மீதி ரெண்டு எங்க சார் போச்சு?"

சொல்லவில்லை.
பதினோரு அக்கினி நட்சத்திரம்
பனியனுக்கு மேல் பனியன், அதன் மேல் சட்டை.
மேலூர்ப் பக்கம் சித்தப்பா கிணற்றில்
எல்லோரும் குதிக்க,
துண்டும் செருப்பும் காத்துக் கிடந்தேன்.
காய்ச்சல் என்பேன்.
வருஷா வருஷம் அதே காய்ச்சல்.
எட்டாம் வகுப்பில் வைத்த பெயர்
கல்யாணப் பத்திரிகை தர வந்தவன் வாயிலும்
வாடாமல் இருந்தது.

இப்போது காம்புக்குக் கீழே
இரண்டு மெல்லிய பிறை.
தொட்டால் யாருடைய தோலோ போல.

இறுக்கப் பனியனைக் கழற்றிய மறுநாள்
விளக்குத்தூண் பக்கம் சட்டை தைக்கப் போனேன்.
சாந்தாராம் அண்ணன் டேப்பைச் சுற்றி
"நெஞ்சு முப்பத்தெட்டு" என்றார், கடைக்கே கேட்கும்படி.
பையன் எழுதிக்கொண்டான்.
ஒருவரும் திரும்பவில்லை.
"நிமிர்ந்து நில்லுங்க தம்பி."
"நிமிர்ந்துதாண்ணே நிக்கிறேன்."
ஒரு கணம் பார்த்தார்.
பிறகு முதுகில் மட்டும்
அரை இஞ்ச் கூட்டிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், வைகைப் பாலத்துக் காற்று
சட்டையை மேலோடு ஒட்டியது.
கை தானாகப் போய்
இரண்டு விரலால் துணியை முன்னால் இழுத்துவிட்டது.
மறைக்க ஒன்றுமில்லை.
இழுத்தது.

நேற்று ராத்திரி சித்தப்பா போன்.
கிணற்றில் ஏழாம் படிவரை தண்ணீராம்.
வர்றியா, இல்ல உடம்புக்கு என்னமுமா?

காய்ச்சல் இல்லை என்றேன்.