பின்பக்கம்

பழைய ஓவன் செத்தது மே மாதம், ஞாயிறு பூசை முடிந்து வந்து.
தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
உருளைக்குக் கீழே எலி கடித்த மாதிரி ஒரு ஓட்டை,
அதற்குள் நீலமாய் ஒரு பொறி.
மூன்று வருஷம்.
தவணை கட்டி முடித்து ஏழு மாதம்.

நீரோடியில் எல்லாம் இப்படித்தான்.
கதவுக் கொண்டி, சைக்கிள் செயின், குருசடியின் கேட்,
கடல் எதையும் கேட்டு எடுப்பதில்லை.
ராத்திரியில் வந்து
கொஞ்சம் கொஞ்சமாய் நக்கும்.

ஜூன். போட்டெல்லாம் கட்டிக் கிடக்கிற மாசம்.
ததேயு வீட்டிலிருந்தான். அதனால்
இரண்டு பேருமாய்ப் பாறசாலைக் கடைக்குப் போனோம்.
"இருநூற்றொன்று ஆட்டோ மெனு உண்டு சேச்சி,
பனீர் டிக்கா, பீட்சா, ஒரு பட்டன் போதும்."
நான் பையிலிருந்து கேக் டின்னை எடுத்தேன்.
சதுர டின். கிறிஸ்துமஸுக்குப் பதினோரு வீட்டுக்குப் போவது.
இருபது லிட்டரில் நுழைந்தது, சுற்றவில்லை,
மூலை இடித்து முரண்டு பிடித்தது.
இருபத்தெட்டில் சுற்றியது.
பையன் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

ததேயு முகப்பைப் பார்க்கவே இல்லை.
ஒவ்வொன்றாய்ச் சுவரிலிருந்து இழுத்து
முதுகைத் திருப்பினான்.
தகட்டின் மடிப்பை நகத்தால் சுரண்டினான்,
திருகுகளை எண்ணினான்,
விசிறி ஓட்டைக்குள் போன் வெளிச்சம் அடித்தான்.
பிறகு கதவு. திறந்தான், மூடினான், முப்பது தரம்,
கீலோரம் காதை வைத்து,
நடுக்கடலில் என்ஜின் சத்தம் மாறும்போது வைக்கிற
அதே முகத்தோடு.

"இது ரெண்டு மழை தாங்கும்."
"இது?"
"உள்ளே ஸ்டீல்தான். பின்னால வெறும் தகரம்.
கறுப்புக் கண்ணாடி கடைக்குள்ளது.
நமக்கு முதுகுதான் வேணும்."

மூன்றாவதை எடுத்தோம். நாலாயிரம் கூட.
உத்தரவாத அட்டை:
மேக்னட்ரானுக்கு ஐந்து வருஷம்,
மற்றதுக்கெல்லாம் ஒன்று.
அடியில் எறும்பெழுத்தில்
'துருப்பிடித்தலுக்குப் பொருந்தாது.'
சத்தமாய்ப் படித்தேன்.
"இஞ்ச வேற எதுல சாவும்?" என்று ததேயு சிரித்தான்.
பையனும் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டான்.

"பின்கோடு பறையணும்."
சொன்னேன்.
"அது தமிழ்நாடல்லே? எங்க சர்வீஸ் ஆள் பொழியூர் வரைதான் வருவான்."
பொழியூரின் கடைசி வீடு நாத்தனாருடையது.
அவள் துணி காயப்போடும் கொடியின் இந்த முனை
எங்கள் தென்னையில்.
பில்லை மெர்சிலெட் பேரில் போடச் சொன்னோம்.
காகிதத்தில் ஓவன் கேரளத்தில் குடியிருக்கிறது,
வேகவைப்பது இங்கே.

கடல் பார்த்த ஜன்னல் வேண்டாம் என்று
கிழக்குச் சுவரில் பலகை அடித்தான்.
பதினாறு ஆம்பியர் பிளக், ஸ்டெபிலைசர்,
முதுகுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி.
முதல் நாள் கேக் சுடவில்லை. சாளை.
மூன்று நாள் எலுமிச்சைத் தண்ணீர் கொதிக்கவைத்தும்
மணம் போகவில்லை.
அவனுக்கு அது குறையாகவே படவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் போட்டு ஏறினான்.
ஐஸ் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன,
பெரியவள் அழத் தயாராய் நின்றாள்.
என்னிடம் அவன் சொன்னது:
"மாசம் ஒருக்க பிளக்கைப் பிடுங்கிட்டுத் திருப்பிப் பாரு.
திருகுக்கு மட்டும் எண்ணெய்த் துணி."

இன்றைக்கு முப்பத்தாறாம் நாள்.
திருப்பினேன்.
இடதுபக்கம், மேலிருந்து மூன்றாவது திருகு,
கடுகளவு செம்மண் நிறம்.
துடைத்தேன். போய்விட்டது.
டார்ச்சைக் கொண்டுவந்து
இன்னொரு தரம் பார்த்தேன்.