பதினைந்து கிரெயின்

பழைய கூடுகள் இனி வராது என்று
நோன்புக்கு முந்தின வாரம் சொன்னார்கள்.
துறைமுகத்தில் ஏதோ காகிதம், யாருடையதோ கையெழுத்து.
வந்தது வேறு கம்பெனிப் பித்தளை.
அடியில் வேறு எழுத்து.
தொட்டால் அதே வழுவழுப்பு,
அளவுக்கட்டையில் வைத்தால் அதே நீளம்.

"அப்புறமென்ன, அதே மருந்தைப் போடு"
என்றார் மிலோஷ்.
நிஸ்வா மலையடிவாரத்தில் வெள்ளிக்கிழமை போட்டி.
பயிற்சியாளருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தெரியும்.

நான் தராசை எடுத்தேன்.
மத்ரா கடைத்தெருவில் ஒன்பது வருஷம்
வளையல் நிறுத்தவன்.
குன்றிமணி எடை குறைந்தால்
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.
பளபளப்பை நம்பாதே என்பதை
அப்படித்தான் படித்தேன்.

பழைய கூடு நூற்று ஐம்பத்தேழு கிரெயின்.
புதியது நூற்று எழுபத்திரண்டு.
இன்னொன்று எடுத்தேன். இன்னொன்று.
பத்தும் அரை கிரெயினுக்குள் நின்றன;
மட்டமான சரக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே இரட்டைப் பிள்ளைகள்.
அந்தப் பதினைந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

பிரைமர் குழியை மெழுகால் அடைத்து
ஊசியால் தண்ணீர் விட்டேன்,
விளிம்பில் மேடு தட்டாமல், பள்ளம் விழாமல்.
புதியது கிட்டத்தட்ட
இரண்டு கிரெயின் குறைவாய்க் குடித்தது.
கண்ணுக்கு விடும் மருந்து, இரண்டு மூன்று சொட்டு.

"இதற்கா இவ்வளவு?" என்றார் மிலோஷ்.

இதற்குத்தான்.
எங்கள் கேம்ப்பில்
நாலு கட்டில் அறையில் ஆறு கட்டில் போட்ட வருஷம்
கதவு வெளியிலிருந்து அதே கதவுதான்.
உள்ளே உப்புக்கு அடிதடி, சார்ஜருக்கு அடிதடி.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அதற்கான இங்கிலீஷ் என்னிடம் இல்லை.

மருந்தைக் குறைத்தேன்.
நன்றாகக் கீழே இறங்கி, அங்கிருந்து சின்னச் சின்னப் படியாய்.
படிக்கு ஐந்து தோட்டா,
ஒவ்வொரு ஐந்துக்கும் மார்க்கரில் ஒரு நிறம்.

விடியற்காலை ஐந்தரை.
வெயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்.
ஷம்ஸா படுத்துச் சுட்டாள்.
பச்சை: சோம்பல்.
நீலம்: வேகமானி ஏறியது,
ஆனால் தாளில் ஓட்டைகள்
பஸ் நிறுத்தத்து ஆட்களைப்போல் தள்ளித் தள்ளி நின்றன.
சிவப்பு:
மூன்று குண்டும் ஒரே ஓட்டை.
மிலோஷ் கைதட்டினார்.

நான் தாளைப் பார்க்கவில்லை.
மூன்றாவதுக்குப் பிறகு போல்ட்டைத் தூக்கும்போது
அவள் மணிக்கட்டு ஒரு கணம் தயங்கியது.
அதைப் பார்த்தேன்.
அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கூட்டை வாங்கிக் கவிழ்த்தேன்.
பிரைமர் தட்டையாகி விளிம்புவரை பரவியிருந்தது.
பக்கத்தில் நகம் கீறியதுபோல் ஒரு மினுக்கம்.
"சிவப்பு வேண்டாம்" என்றேன்.
"பழைய அளவுக்கு இது இன்னும் கீழேதான்."

மிலோஷ் பழைய அளவை
மனசுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார்.
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

மீதி இரண்டு சிவப்பையும் தட்டிப் பிரித்து
மருந்தைக் கொட்டி வைத்தேன்.

கம்பெனிக் கிளினிக்கில்
என் பிரஷர் மாத்திரையும் போன மாதம் மாறியது.
வேறு அட்டை, வேறு பெயர்.
"அதே மருந்துதான்" என்றான் கவுண்டர் பையன்,
தலை தூக்காமல்.
மூன்று நாளாய்க் கட்டிலைவிட்டு எழுந்தால்
சுவர் ஒரு பக்கம் சாய்கிறது.
இன்று ராத்திரிதான் அட்டையைக் கவிழ்த்து
பின்பக்க எழுத்தைப் படித்தேன்.
மில்லிகிராம் என்கிற சொல்லுக்கு முன்னால்
வேறு எண்.
நாளைக்குக் கிளினிக் திறக்கும்போது வாசலில் நிற்பேன்.

இப்போது மணி பதினொன்று.
மேசை விளக்கு, தராசு, பத்துக் கூடுகள்.
நீலத்துக்கு மேலே, சிவப்புக்கு நன்றாகக் கீழே
ஓர் அளவு வேண்டும் ஷம்ஸாவுக்கு.
நிறம் போட டப்பாவைத் துழாவினேன்.
ஊதா இருந்தது.
மூடி இல்லாமல், பாதி காய்ந்து.
எச்சில் தொட்டு எழுதிப் பார்க்கிறேன்.