கூந்தன்குளம், இரண்டாம் சனி

முதல் பஸ்ஸில் போய்விடுங்கள்.
இரண்டாவது பஸ் என்றால்
வெயில் நமக்கு முந்தி இறங்கிக்
குளக்கரையில் இடம் பிடித்திருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், பிள்ளைக்கு அரை என்று
செல்வின் நோட்டில் எழுதினார்.
ரூபன் தன் பங்கை
மூலைக்கரைப்பட்டி வருவதற்குள் முடித்துவிட்டு
இறங்கணும் என்றான்.
நாலு வயசு. இறங்கணும் என்றால் இறங்கணும்.
கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு
வேறு பக்கம் பார்த்து நின்றார்.
ஆகவே, பாட்டிலைப் பையின் அடியில் வையுங்கள்.

மிளகாய்ப்பொடி தடவின இட்லி நல்லது.
சாம்பார் வேண்டாம்.
சாம்பாரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சிவப்பு உடுத்தாதீர்கள், பறவை மிரளும்.
பிளசி சிவப்பில்தான் வந்தாள், கிறிஸ்துமஸ் கவுன்.
"நாரைக்குக் காட்ட வேண்டாமா?"
அவள் அப்பாவின் சாம்பல் துண்டைப் போர்த்தி
நடக்கிற மூட்டையாகக் கூட்டிப்போனோம்.

கரை எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள்.
எனக்கு அது ஒரு கரை.
ரூபனுக்கு
கருவேலங்காய் இருபத்தெட்டு,
எறும்பு வரிசை இரண்டு,
செத்த நண்டு ஒன்று,
அந்த நண்டுக்கு அடக்க ஆராதனை ஒன்று.
பிளசி ஜெபித்தாள். அவன் ஆமென் மட்டும்,
ஏழு தரம்.

பைனாகுலர் ஒன்றுதான் உண்டென்றால்
வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.
இரண்டு பிள்ளைகள், ஒரு கண்ணாடி.
அந்தச் சத்தத்தில் உள்ளான்கள் எல்லாம் எழும்பி
விஜயநாராயணம் பக்கம் போய்விட்டன.
திரும்பிவிடுவோமா என்று
செல்வினும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
இரண்டு பேர் முகத்திலும் அது இருந்தது.

அப்போதுதான் முள்.
உடைமுள், செருப்பைத் துளைத்து
ரூபனின் குதிகாலுக்குள்.
வெடியே போடாத ஊர் அது, பறவைகளுக்காக.
அந்தக் குளம் இப்படி ஒரு சத்தத்தை
எந்தத் தீபாவளிக்கும் கேட்டிருக்காது.

முதலுதவிப் பையில் பேண்டேஜ் இருந்தது.
டெட்டால் இருந்தது.
காய்ச்சல் சிரப் இருந்தது, அளக்கிற மூடி இல்லாமல்.
ஊக்கு இல்லை.
துப்பட்டாவிலிருந்து கழற்றினேன்.
பிளசி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.
செல்வின் ஒரு நரிக்கதை தொடங்கி, பாதியில் மறந்து,
மணிமுத்தாறு மதகுகளை எண்ண ஆரம்பித்தார்.
பொதுப்பணித்துறைக்காரர், பயந்தால் அப்படித்தான்.

முள் லேசில் வரவில்லை.
கால் மணி நேரம்
நாலு பேரும் கரைமண்ணில் ஒரே குவியலாகக் குனிந்திருந்தோம்.
அழுகை தேம்பலாகி
தேம்பலும் தேய்ந்தது.

"கரண்டி," என்றான் ரூபன், மூக்கு ஒழுக.

பத்தடி தள்ளி
கரண்டிவாயன்கள் நாலு
சேற்றுத் தண்ணீரை இடவலமாகத் துழாவிக்கொண்டே வந்தன,
கஞ்சி ஆற்றுகிற மாதிரி.
பின்னால் ஒரு கூழைக்கடா
பை நிறைய வாங்கிவிட்டுச் சில்லறைக்கு நிற்பதுபோல் நின்றது.
நாரைகள் எங்களைச் சட்டை பண்ணாமல்
இறக்கையைக் காயப்போட்டன.
துண்டு நழுவிச் சிவப்பு தெரிந்தது.
ஒன்றும் பறக்கவில்லை.

முள் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.
என் நகத்தின் மேல் கிடந்தது,
ஓர் அரிசி நீளம்கூட இல்லை.

எத்தனை பார்த்தே என்று ஆட்டோக்காரர் கேட்டதற்கு
"நாலும், நெறையவும்," என்றான்.

ஊக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.
முள்ளுக்கு ஒன்று, துப்பட்டாவுக்கு ஒன்று,
தொலைவதற்கு ஒன்று.
என் துப்பட்டா அன்றைக்குப்
பாளையங்கோட்டை வரைக்கும்
பின் சீட்டுக்காரர் முகத்தில்தான் பயணம் செய்தது.

செருப்பில் இன்னொரு முள் இருந்திருக்கிறது.
மாடிப்படியில்
டக், டக்.
பிடுங்க விடமாட்டேன் என்கிறான்.