நிறுவை மேடை, பாடாங் செராய்

செம்பனைக் குலை ஏறிய மேடையில்
இப்போது மண் லோரிகள்.
தார்ப்பாய்க்கு அரக்கு முத்திரை, முன்னால் போலீஸ் ஜீப்.
நாட்டு விஷயம், கேட்காதே என்கிறார் கமாருடின்.
காந்தத்துக்கான மண்ணாம்;
நீரிணையில் முறைத்து நிற்கும்
இரு பக்கத்துக் கப்பல்களுக்கும்
அதுதான் தேவையாம்.

உள்ளே வரும்போது முப்பத்தெட்டு டன்,
திரும்பும்போது பதின்மூன்று.
கழித்து எழுதுகிறேன்:
இன்றைக்கு இத்தனை குன்று.

முந்நூறு வெள்ளி கூடியது. வாங்கிக்கொண்டேன்.
மகள் பல்லுக்குக் கம்பி போட்டாயிற்று.

ஆற்றோரம் அறுத்த கங்கோங் கீரையை
கமலவேணி குழாயடியில் மூன்று முறை அலசி,
முகர்ந்து பார்த்து,
கோழிக்குப் போட்டாள்.
கோழி தொடவில்லை.

அந்தக் கட்டை எடுத்துவந்து
மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த இயந்திரத்துக்கு எதுவும் கிடையாது.