ஏழடிச் சுவர்

கீரிப்பாறைக்கு மேலே ஜீப் ஏறவில்லை.
மீதி வழியை நானும் டேப் பிடிக்கும் வில்பிரட்டும் நடந்தோம்,
அட்டைக்குப் பயந்து காலில் உப்பும் மூக்குப்பொடியும் தேய்த்துக்கொண்டு.
கையில் படிவம்:
தொழிலாளர் லயம். பழையது. கதவு பன்னிரண்டு.
எட்டாம் கட்டம் கேட்கிறது: இடிக்கலாமா?
ஒன்பதாம் கட்டம்: சிறப்பு ஏதேனும் உண்டா?

போன மாதம் பத்மநாபபுரத்தில் இருந்தேன்.
ஒரு தூணுக்கு ஒரு நாள் என்று வரைந்தேன்.
குனிந்தால் தரையில் என் முகம் கறுப்பாகத் தெரிந்தது.
ஒன்பதாம் கட்டம் போதாமல்
அங்கே தாளோடு தாள் ஒட்டினோம்.

இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டு.
ஓடு, சுண்ணாம்பு, வெட்டுக்கல், சாணித் தரை.
ஒட்டுப்பால் நாற்றம் சுவருக்குள் ஊறியிருக்கிறது.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எழும் சுவர்
ஏழடியில் நின்றுவிடுகிறது.
அதற்குமேல் கூரைவரை ஒன்றுமில்லை.
கட்டினவனுக்குக் கல்லு மிச்சம், என்றான் வில்பிரட்.

பதினோரு மணிக்கு வெட்டு முடிந்து ரத்னபாய் வந்தாள்,
நெற்றி விளக்கைக் கழற்ற மறந்து.
பகலில் அது ஒரு கண் கூடுதல் மாதிரி.

"அஞ்சாம் நம்பர் லாரன்ஸுக்கு
நெஞ்சு அடைச்ச ராத்திரி,
எட்டுல கெடந்த எனக்குத்தான் சாரே
மூச்சு மாறினது கேட்டுது.
பொறவு ஆறாம் நம்பர்காரன்.
குடிச்சிட்டு அவளுக்கு நேரே கை ஓங்கினான்.
நாங்க யாரும் வாய் தெறக்கல்ல.
ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு தீக்குச்சி ஒரசினோம்.
அவ்வளவுதான்.
வெளிச்சமெல்லாம் சுவருக்கு மேல ஏறி
அவன் தலைக்கு நேரே வந்து நின்னுது.
கை தானா எறங்கிச்சு."

எழுதப் போனேன். அவள் நிறுத்தவில்லை.

"கல்யாணம் முடிஞ்சு வந்த எனக்கு
ஆறு மாசம் ஊமைக் குடும்பம்.
அதுவும் இதே சுவருதான்.
அதையும் எழுதுங்க."

எட்டாம் நம்பர் நிலைக்காலில் கீறல்கள்,
இடம் உயர்ந்து வலம் சரிந்து,
ரப்பர் மரத்தில் விழும் வெட்டின் அதே சாய்வில்.
எண்ணினேன். நாற்பத்து மூன்று.
லாக்அவுட் நாட்கள், என்றாள்.
கம்பெனி கணக்கில் முப்பது.
அவளுடைய அம்மா வெட்டுக்கத்தியால் எழுதிய பேரேட்டை
எந்த ஆபீசும் வாங்கிப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் இடிக்க வேண்டாமா?

சிரித்தாள்.
"இடியாம பின்ன? சாரலுக்குப் பாய் நனையுது.
கக்கூசுக்கு இப்பவும் ஓடைக்கரைதான்.
வேணும்னா ஒண்ண வச்சுக்கிடுங்க சாரே.
எங்கள உள்ள வச்சு
வச்சுக்கிடாதீங்க."

எட்டாம் கட்டத்தை விட்டுவிட்டேன்.
ஒன்பதில் 'நிலைக்கால், எட்டாம் வீடு' என்று எழுதி,
பிறகு சுவருக்கு வந்தேன்.
என் பக்கம் ஏழடி ஓரங்குலம்.
ஒரு தடவை சரிபார்க்க
ஸ்டூலில் ஏறி டேப்பின் முனையை
அந்தப் பக்கம் இறக்கினேன்.
வில்பிரட் வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
ஆனாலும் யாரோ பிடித்தார்கள்.

"தரையில தொட்டாச்சு," என்றது ஒரு சிறுபிள்ளைக் குரல்.
இழுத்துப் பிடி என்றேன்.
"இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன்."

ஏழடி நாலு அங்குலம்.

பொருந்தவில்லை. எட்டிப் பார்த்தேன்.
அடுப்புக்கும் வாசலுக்கும் இடையே
அந்தப் பக்கத் தரை குழிந்திருந்தது,
நடந்து நடந்து,
மூன்று அங்குலம்.
குழிக்குள் குந்தியிருந்த பிள்ளை
வளையத்தை இன்னும் விடவில்லை.

இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டேன்.