சிவப்புக் குழாயில் குளிர்நீர்

ஆகஸ்ட் பில் போனுக்கு வந்தபோது
ரோலா மார்க்கெட்டில்
வெண்டைக்காய் நுனி முறித்துக்கொண்டிருந்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு திர்ஹம்.
வெண்டைக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நம்ம லைன்ல யாரோ கொக்கி போட்டிருக்காங்க,
என்றேன் செல்வினிடம்.
சட்டையைக் கழற்றி ஏசிக்கு நேர் கீழே
நின்றுகொண்டிருந்தார், பதினெட்டில்.
சஜாவில் பத்து மணி நேரம்
கம்பி கட்டிவிட்டு வந்த முதுகு.
அந்த முதுகிடம் இருபத்துநாலு என்று சொல்ல
எனக்கு வாய் வருவதில்லை.
பக்கத்து ஃபிளாட்டாக இருக்கும் என்றார்.
பக்கத்து ஃபிளாட்டில் ஜூனிலிருந்து ஆளே இல்லை.

மிச்சம் வாட்ச்மேன் மொமின்.
மாடிப்படிக்கடியில் அவன் அறை,
அறைக்குள் முழங்கால் உயர ஃபிரிட்ஜ்,
ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கறுப்பு வயர்.
அது எந்தச் சுவரில் நுழைகிறதென்று
மூன்று நாள் நோட்டம் பார்த்தேன்.
சலாம் பாபி என்றான்.
பாதி வாயால் பதில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பகல்.
எல்லாத்தையும் அணைடி என்று
அபிஷாவிடம் சொல்லிவிட்டு
வெறுங்காலோடு காரிடாருக்கு ஓடி
மீட்டர் அலமாரியைத் திறந்தேன்.
எங்கள் தளத்துக்குப் பன்னிரண்டு மீட்டர்.
பன்னிரண்டிலும் சிவப்புப் பொட்டு,
பத்து கண்சிமிட்டிக்கொண்டிருந்தன.
ஆளில்லாத வீடு சிமிட்டவில்லை.
நானூற்று ஏழும் சிமிட்டவில்லை.
ஒரு நிமிடம் பார்த்தேன்,
இன்னொரு நிமிடம்.
ஒரு தரமாவது சிமிட்டேன் என்று
வேண்டிக்கொண்டேன்கூட.

கொக்கி இல்லை.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறும்
எங்கள் கைச்செலவு.

அம்மா, இப்ப என்ன போட? என்றாள் போனில்.
ஃபிரிட்ஜ்.
நிமிடத்துக்கு மூன்று சிமிட்டல்.
ஹால் லைட்.
வருமா வராதா என்று நின்று, கடைசியில் ஒன்று.
அதை அணைக்கச் சொல்லித்தான்
அவளை இரண்டு வருடமாகத் திட்டியிருக்கிறேன்.
பெரிய ரூம் ஏசி.
இருபத்தாறு. சரி, அது வேலை செய்கிறது.
பாத்ரூம் ஹீட்டர்.
எண்ண முடியவில்லை,
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
முப்பத்திமூன்று.

போன பிப்ரவரிக் குளிருக்குப் போட்டது.
யாரும் அணைக்கவில்லை.
வெளியே நாற்பத்தேழு டிகிரி,
மொட்டைமாடித் தொட்டியில்
தண்ணீர் ரசம் மாதிரி ஆவி விட,
அதை இன்னும் கொஞ்சம் காய்ச்ச
மாதாமாதம் காசு கட்டியிருக்கிறோம்.

திரும்பினால் மொமின், கையில் மாப்போடு.
எவ்வளவு நேரமாக நின்றானோ.
ஹீட்டரை அணைத்தே வையுங்கள் பாபி,
நாளைக் காலையில்
சிவப்புக் குழாயைத் திறந்து பாருங்கள் என்றான்.
கொஞ்சம் தள்ளிப் போய், நின்று,
நான் கேட்காத ஒன்றைச் சொன்னான்:
என் ஃபிரிட்ஜ் பில்டிங் மீட்டரில் ஓடுகிறது.
முதலாளிக்குத் தெரியும்.

காரிடார் தரை சுட்டதா,
எனக்கு முகம் சுட்டதா.

மறுநாள் நீலக் குழாய் கையைப் பொசுக்கியது.
சிவப்பைத் திறந்தேன்.
வீட்டுக்குள், ஏசிக் காற்றில்
ராத்திரி முழுக்கத் தூங்கிய ஹீட்டர் தொட்டித் தண்ணீர்
சில்லென்று இறங்கியது.
ஒரு வாளிதான் தேறும்.
அதை செல்வினுக்கு என்று ஒதுக்கினேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவர்
தலையைத் துவட்டிக்கொண்டே
ரிமோட்டை எடுத்தார்.
பதினெட்டுக்குப் போவார் என்று பார்த்தேன்.
இருபத்துமூன்றில் விட்டுவிட்டுச்
சோறு கேட்டார்.
நான் ஒன்றும் பேசவில்லை,
பேசினால் கெட்டுவிடும்.

செப்டம்பருக்கு எழுநூற்று எண்பத்தொன்பது.
வெயில் இறங்கிவிட்டது, அதான் என்கிறார்.
இருக்கட்டும்.

அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன்.
புளிக்குழம்பு வைத்து
ஒரு கிண்ணம் கீழே கொடுத்தனுப்பினேன்.
கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.
நானும் கேட்கவில்லை.