மாதம் தொண்ணூறு குரோனர்

முதல் தேதியன்று
என் அட்டையிலிருந்து தொண்ணூறு குரோனர் போய்விடும்.
எங்கள் படகின் கடையில் அது
இரண்டு காபி, ஒரு பட்டை ரொட்டி.
யாருக்குப் போகிறது என்றால்
அத்திக்குளவிக்கு.
அவ்வளவுதான் பெயர்.
ஆணா பெண்ணா தெரியாது,
ஒருவரா, ஓர் அறைக்குள் நெருக்கி உட்கார்ந்த மூவரா
தெரியாது.

நான் தோர்குன். ஐம்பத்தெட்டு வயது.
லேடிங்கன் துறையில், இரவுப் படகில்,
கார்களை வரிசைப்படுத்துகிறேன்.
அத்திக்குளவி செய்துகொண்டிருப்பது
பெரியவர்களுக்கு மட்டுமான விளையாட்டு.
கூட வேலைபார்க்கும் ஸ்வெர்ரேயிடம்
மீன்பிடிக்கிற விளையாட்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மீனெல்லாம் இல்லை.
லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் நான்காவது மாடி.
ஐம்பது தாண்டிய ஒருத்தி, ஒருவன்.
மூச்சு வாங்க மேலே வந்து சேர்வார்கள்.
பிறகு நடப்பது அவசரமில்லாமல் நடக்கும்.
முதல் பதிப்பில்
அவன் கழற்றிய சட்டை கீழே விழவில்லை,
அறையின் நடுவே அப்படியே நின்றது
மூன்றாவது ஆள் மாதிரி.
அதைச் சரிசெய்ய ஏழு வாரம் என்றார் அத்திக்குளவி.
அவள் வயிற்று மடிப்பில் விளக்கொளி படிய இன்னொரு மாதம்.
சிசேரியன் தழும்பு இருக்கட்டுமா வேண்டாமா என்று
பணம் போட்டவர்களைக் கேட்டார்.
இருக்கட்டும்: நாற்பத்தொன்று.
வேண்டாம்: முப்பத்தெட்டு.
அந்த நாற்பத்தொன்றில் நான் ஒருத்தி.
எனக்குள்ள தழும்பை
அதற்குமுன் யாரும் ஓட்டுக்கு விட்டதில்லை.

செப்டம்பரோடு பேச்சு நின்றது.
அக்டோபர். நவம்பர்.
சூரியன் எழாத வாரங்கள்.
பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள் சிலர்,
செத்துவிட்டாயா என்றார் ஒருவர்,
கேலியாகவா கவலையாகவா தெரியவில்லை.
"கடலில் போட்டாலும் அளந்து போடணும்" என்றான் ஸ்வெர்ரே,
மீன் விளையாட்டைத்தான் சொன்னான் பாவம்.
அளந்துதான் போடுகிறேன். தொண்ணூறு.

சரி, ஏன் நிறுத்தவில்லை?
சொல்லத் தெரியவில்லை.
உறைந்த இரும்புத் தளத்தில்
கையை உயர்த்தி நிற்கிறேன்.
நாற்பது டன் லாரி ஒன்று
என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது.
ஓட்டுநர் முகம் தெரிவதில்லை, விளக்குதான் தெரியும்.
நான் ஒதுங்குவதில்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
அட்டை நிறுவனம் கதவைச் சாத்திவிட்டதாம்:
இந்த மாதிரிப் பொருளுக்கு
எங்கள் வழியாகப் பணம் போகாது.
கொலை செய்கிற விளையாட்டுக்குப் போகிறதே
என்று யாரோ கேட்டார்கள்.
பதில் இல்லை.
விருப்பமுள்ளவர்கள் நேராக வங்கிக்கு அனுப்பலாம்
என்று எண் கொடுத்திருந்தார்.
வங்கிக்குப் புனைபெயர் பிடிக்காது.
எனவே கீழே, சின்ன எழுத்தில்:
தனூத்தா வியெர்ச்சோக், எல்க், போலந்து.
அதற்கும் கீழே
"பெயருக்கு மன்னிக்கவும்."

ஆள் இருப்பது தெரியாமல்
குளியலறைக் கதவைத் திறந்தவள் மாதிரி
சட்டென்று கண்ணை எடுத்தேன்.
தெருப்பெயரைப் படிக்கவில்லை.
மூன்று வருடம் பெயரில்லாமல் நம்பினேன்,
அது சுலபமாக இருந்தது.
பெயர் வந்ததும் அவளுக்கு ஒரு சமையலறை வந்தது,
வாடகை வந்தது,
அவளைத் தெரிந்த அண்டைவீட்டார் வந்தார்கள்.
எழுபத்தொன்பது பேர் கையில்
தன்னைக் கொடுத்துவிட்டு
அங்கே அவள் எப்படித் தூங்குகிறாள்?

வங்கிப் படிவத்தில் என் பெயரும் போகும்.
முழுப்பெயர், ஊர், எல்லாம்.
போகட்டும்.
"பெறுபவருக்குச் செய்தி" என்ற கட்டத்தில்
படகு கரைதொடும்வரை யோசித்து
எழுதினேன்:
மீன்பிடி விளையாட்டுக்காக.

மார்ச்சில் புதிய பதிப்பு வந்தது.
சட்டை இப்போது தரையில் விழுகிறது.
விழும் சத்தம் இன்னும் வைக்கவில்லை.